ஒற்றை ட்ரான்சிஸ்டர்: கிற்றார் பூஸ்டர் பெடலுக்கு ஒரு சின்ன வரலாறு

போன வருஷம் எங்கள் பீடத்துக் கலைவிழாவில் நாங்கள் நாலு பேர் மேடை ஏறினோம். ஒரு கீபோர்ட், ஒரு ட்ரம்ஸ், ஒரு பாடகி, ஒரு கிற்றார். முதல் பாட்டு முடிந்து இறங்கி வந்தபோது, முன்வரிசையில் இருந்த நண்பன் கேட்ட முதல் கேள்வி: "மச்சான், கிற்றார் வாசிச்சனீங்களோ?" அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவனுக்குக் கிற்றார் கேட்கவில்லை.

கிற்றார் இரவல் வாங்கியது. அம்பிளிபையர் மண்டபத்து அலுமாரிக்குள் தூசி பிடித்துக் கிடந்தது. சத்தம் கூட்டுகிற குமிழைக் கடைசி மட்டும் திருப்பியும், ட்ரம்ஸுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு நுளம்பு பறக்கிற மாதிரித்தான் இருந்தது. இதில் அனுபவமுள்ள அண்ணா ஒருவர், "உங்களுக்கு ஒரு பூஸ்டர் பெடல் வேணும்" என்றார். கிற்றாருக்கும் அம்பிளிபையருக்கும் நடுவில் வைக்கிற சின்னப் பெட்டி அது. கிற்றாரிலிருந்து வருகிற பலவீனமான மின்சைகையைப் பெருப்பித்து அம்பிளிபையருக்கு அனுப்புவதுதான் அதன் ஒரே வேலை. விலை பார்த்தோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் பெட்டியும் மகாபொலக் காசுக்கு எட்டுகிற விலையில் இல்லை.

"அதுக்குள்ள ஒரேயொரு ட்ரான்சிஸ்டர்தான் இருக்கு, நீங்களே செய்யலாம்" என்றான் விஞ்ஞான பீடத்து நண்பன் ஒருவன். பக்கத்தில் நின்ற இன்னொருவன் சிரித்தான். "ஆர்ட்ஸ் ஆக்களோ? அவையள் பெடலைப் பற்றிக் கட்டுரை எழுதுவினம்." இந்தச் சிரிப்பு எங்களுக்குப் புதுசில்லை. கலைப்பீடம் என்று சொன்னாலே, 'அப்ப முடிச்சிட்டு என்ன செய்யப் போறியள்?' என்ற கேள்வி பஸ்ஸில் பக்கத்து சீற்றிலிருந்தும் வரும்.

அதனால் இரண்டு வேலை செய்தோம். பெடலைச் செய்தோம். கட்டுரையையும் எழுதுகிறோம். வரலாறு படிக்கிற ஆட்கள் என்பதால், கையில் ஒரு பொருள் கிடைத்தால் இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தேடித் தேடிப் போனபோது எங்களுக்கு விளங்கியது இதுதான்: பூஸ்டரின் வரலாறு, குறையோடு மல்லுக்கட்டிய ஆட்களின் வரலாறு. அவர்களில் சிலருடைய பெயர் மிஞ்சியது. பலருடையது மிஞ்சவில்லை.

கேட்காத கருவி

கிற்றார் கேட்காத பிரச்சினை எங்களோடு தொடங்கியதில்லை. மின்கிற்றார் பிறந்ததே அந்தப் பிரச்சினையால்தான். 1920களில் அமெரிக்க நடன மண்டபங்களில் வாத்தியக் குழுக்கள் பெருத்துக்கொண்டு போயின. ட்ரம்பெற், சக்ஸபோன், ட்ரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது, மரப்பெட்டியின் அதிர்வை மட்டும் நம்பியிருந்த கிற்றார் காணாமல் போனது. லொஸ் ஏஞ்சல்ஸில் ஜோர்ஜ் பீச்சம் என்ற இசைக்கலைஞர் இதற்கு வழி தேடினார். அடொல்ப் ரிக்கன்பக்கரோடு சேர்ந்து, 1932இல் அலுமினியத்தால் செய்த ஒரு ஹவாயன் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் வடிவத்தைப் பார்த்துச் சனம் வைத்த பட்டப்பெயர் 'பொரிக்கிற சட்டி'.

அதன் உயிர் பிக்கப் என்ற பகுதியில் இருந்தது. ஒரு காந்தம், அதோடு சேர்ந்து மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடும். ஆடுகிற புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். மைக்கல் பரடே 1831இல் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல். சைக்கிள் டைனமோவில் நடப்பதும் இதுதான். டைனமோவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு வரும்.

பிக்கப்பிலிருந்து வருகிற மின்சாரம் மிகச் சின்னது. தந்தியை மெதுவாகத் தட்டினால் ஒரு வோல்ட்டில் சில நூறில் ஒரு பங்கு, பலமாக அடித்தால் சில பத்தில் ஒரு பங்கு. அதை ஸ்பீக்கரை ஆட்டுகிற அளவுக்குப் பெருப்பிக்க அந்தக் காலத்தில் வால்வுகள் தேவைப்பட்டன. கண்ணாடிக் குழாய், உள்ளே சூடாகிற இழை, நூற்றுக்கணக்கான வோல்ட். அப்படிப்பட்ட ஒன்றைச் சின்னப் பெட்டிக்குள் அடைத்துக் காலடியில் போட முடியாது. பூஸ்டர் பிறக்க இன்னொரு பொருள் வரவேண்டியிருந்தது.

அது 1947 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் பார்டீனும் வோல்ட்டர் பிரட்டெய்னும் முதலாவது ட்ரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்களோடு அந்தக் குழுவின் தலைவர் வில்லியம் ஷொக்லிக்கும் சேர்த்து 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. ட்ரான்சிஸ்டருக்குச் சூடாகிற இழை தேவையில்லை, சில வோல்ட் போதும், ஒரு சின்னப் பற்றரியில் ஓடும். எங்களுக்குப் பிடித்த தகவல் ஒன்று: ட்ரான்சிஸ்டர் சாதாரண சனத்தின் கைக்கு முதலில் வந்தது ரேடியோவாக அல்ல. 1952இன் கடைசியில், காது கேளாதவர்கள் அணிகிற கருவியாகத்தான் வந்தது. ட்ரான்சிஸ்டர் ரேடியோ 1954இல்தான் கடைக்கு வந்தது. கேட்காததைக் கேட்கச் செய்வதுதான் அதன் முதல் தொழில்.

பிழையிலிருந்து வந்த சத்தம்

சத்தம் கூடுவது ஒன்று, சத்தம் கரகரப்பது இன்னொன்று. அம்பிளிபையருக்கு அது தாங்குகிற அளவுக்கு மேலே சைகையை அனுப்பினால், அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். பொறியியலாளர்கள் அதைப் பிழை என்றார்கள். இசைக்காரர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

1951இல் ஐக் டேர்னரின் குழு 'ரொக்கெற் 88' என்ற பாட்டைப் பதிவுசெய்ய மெம்பிஸ் நகருக்குப் போனது. போன வழியில் கிற்றார்க்காரர் வில்லி கிசார்ட்டின் அம்பிளிபையர் சேதமானது. கூரையிலிருந்து விழுந்தது என்கிறார்கள், மழையில் நனைந்தது என்றும் சொல்கிறார்கள். கதை ஆளுக்கு ஆள் மாறும். பதிவுகூடக்காரர் சாம் பிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துவிட்டு அப்படியே பதிவுசெய்தார். அந்தக் கரகரப்பு பாட்டோடு தங்கிவிட்டது.

பத்து வருஷம் கழித்து இன்னொரு பழுது. நாஷ்வில் நகரில் மார்ட்டி ரொபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' பாட்டைப் பதிவுசெய்தபோது, ஒலிப்பதிவு மேசையின் ஒரு வழி பழுதாகிவிட்டது. கிரேடி மார்ட்டின் வாசித்த தனி வாசிப்பு தேனீக்கூட்டம் இரைகிற மாதிரி வந்தது. அழிக்காமல் விட்டார்கள். 1961இல் வெளிவந்த அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் இந்தச் சத்தம் எப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். பழுதான அந்த வழியோ முழுதாகச் செத்துப்போனது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி, அதே சத்தத்தைத் தருகிற ட்ரான்சிஸ்டர் சுற்று ஒன்றை நண்பரோடு சேர்ந்து அமைத்து கிப்சன் கொம்பனியிடம் கொடுத்தார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ பஸ்-ரோன்' என்ற காலால் மிதிக்கிற பெட்டியாக வந்தது. முதல் வருஷங்களில் பெரிதாக விலைப்படவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சட்டிஸ்பக்‌ஷன்' பாட்டில் அதைப் பாவித்த பிறகுதான் கடைகளில் தட்டுப்பாடு வந்தது.

இடையில், 1964இல், லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன அம்பிளிபையரின் ஸ்பீக்கரை பிளேட்டால் கீறினார். பெடியன் கையில் இருந்ததைக் கீறிப் பார்த்தான், அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கரைக் கீறினால் திரும்ப ஒட்ட முடியாது. பெட்டி என்றால் நிற்பாட்டலாம், திரும்பப் போடலாம். அதுதான் பெடலின் வசதி.

இங்கிலாந்துப் பெட்டி

பூஸ்டர் என்ற பெயரோடு வந்தவற்றில் முதலில் புகழ்பெற்றது இங்கிலாந்தின் டலஸ் ரேஞ்ச்மாஸ்டர். காலம் 1960களின் நடுப்பகுதி. அன்றைய பிரித்தானிய அம்பிளிபையர்கள் பலவற்றில் சத்தத்தைக் கூட்டினால் கீழ்த்தொனி குழம்பிப்போகும், சோற்றுக்குள் குழம்பு ஊறின மாதிரி. ரேஞ்ச்மாஸ்டர் மேல்தொனியை மட்டும் தூக்கிக் கொடுத்தது. காலடியில் கிடக்கிற பெட்டியும் அல்ல அது. அம்பிளிபையரின் தலையில் வைக்கிற பெட்டி. உள்ளே ஓசி44 என்ற ஜேர்மானியம் ட்ரான்சிஸ்டர் ஒன்று, சில தடையிகள், சில கொள்ளளவிகள், 9 வோல்ட் பற்றரி. உள்வருகிற இடத்தில் மிகச் சின்னப் பெறுமதியுள்ள கொள்ளளவி ஒன்றை வைத்திருந்தார்கள். தாழ்ந்த அதிர்வெண்களால் அதைக் கடந்து போக முடியாது. தந்திரம் முழுக்க அங்கேதான் இருந்தது.

அயர்லாந்தின் ரோரி கலகர், குயின் குழுவின் பிரையன் மே, பிளக் சபத் குழுவின் ரோனி ஐயோமி மூவரும் இதைப் பாவித்தவர்கள். எரிக் கிளப்டன் 1966இல் ஜோன் மயோலோடு சேர்ந்து செய்த இசைத்தட்டிலும் இது இருக்கிறது என்ற கதை பரவலாக உண்டு. ஆனால் படமோ பதிவோ எதுவும் அதை உறுதிப்படுத்தவில்லை. எங்கள் முதலாம் வருஷ விரிவுரையில் வாய்மொழிச் சான்று, ஆவணச் சான்று என்று பிரித்துப் படித்தது, கிற்றார்க்காரர்களின் சண்டையில் பயன்படும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

இவர்களில் இரண்டு பேரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரோனி ஐயோமி பேர்மிங்ஹாமில் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். 17 வயதில் இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவர் இடது கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்துகிற விரல்கள்தான் போயின. பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி, திரும்ப வாசித்தார். பிரையன் மே 1963இல் தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே கிற்றார் செய்யத் தொடங்கியவர். கடைக் கிற்றாருக்கு வீட்டில் காசில்லை. பழைய அடுப்புமேடையொன்றின் மரத்தில் கிற்றாரின் கழுத்தைச் செதுக்கினார்கள். அதைத்தான் அவர் இன்றும் வாசிக்கிறார். குயின் குழுவின் ஜோன் டீக்கன், குப்பைத் தொட்டியில் கிடந்த சுற்றுப்பலகையை எடுத்து ஒரு சின்ன அம்பிளிபையர் செய்தார். அது குயினின் இசைத்தட்டுகளிலேயே ஒலிக்கிறது. எங்கள் மேசையில் கிடந்த ரின்னையும் வயர்த்துண்டுகளையும் பார்த்து வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று அதற்குப் பிறகு நினைத்துக்கொண்டோம்.

கவனிக்காமல் விடப்பட இருந்த பெட்டி

நாங்கள் செய்தது ரேஞ்ச்மாஸ்டரை அல்ல. அதன் ஜேர்மானியம் ட்ரான்சிஸ்டரை இங்கே தேடிப் பிடிக்க முடியாது. நாங்கள் செய்தது அமெரிக்காவின் எல்பிபி-1. அதன் கதைதான் எங்களுக்கு ஆகப் பிடித்த கதையும்.

மைக் மத்தியூஸ் நியூயோர்க்கில் ஐபிஎம் கொம்பனியின் விற்பனையாளராக இருந்தவர். இசைப் பைத்தியம். கிற்றாரின் ஒலி கரகரக்காமல் நீண்டு நிற்க வைக்கிற ஒரு கருவி விற்கலாம் என்று நினைத்து, பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த பொப் மயர் என்ற பொறியியலாளரிடம் அதைச் செய்துதரச் சொன்னார். ட்ரான்சிஸ்டர் பிறந்த அதே பெல் ஆய்வுகூடம். ஒருநாள் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கப் போன இடத்தில், பெரிய கருவிக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி செருகியிருந்தது. இதென்ன என்று கேட்டார். கிற்றாரிலிருந்து வருகிற சைகை போதவில்லை, அதைக் கொஞ்சம் தூக்குவதற்கு ஒரு ட்ரான்சிஸ்டர் போட்டேன் என்றார் மயர். அவருக்கு அது ஒரு முட்டுக்கொடுத்தல் மட்டும்தான். மத்தியூஸ் அதன் ஆளியைப் போட்டுப் பார்த்தார். அம்பிளிபையர் அலறியது.

கேட்ட கருவியை விட்டுவிட்டு, அந்த முட்டுக்கொடுத்த பெட்டியை மத்தியூஸ் விற்கத் தொடங்கினார். 1968இல் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொம்பனியின் முதல் பொருள் அதுதான். எல்பிபி என்பது 'நேர்கோட்டு வலு பெருப்பி' என்று பொருள்படுகிற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். நேர்கோடு என்றால், உள்ளே போன ஒலியின் வடிவம் மாறாமல் பெரிதாகி மட்டும் வெளியே வரவேண்டும். சனம் அதை வாங்கியது அதற்காகவே அல்ல. பெருத்த சைகை வால்வு அம்பிளிபையரை அளவுக்கு மேலே தள்ளும். தள்ளினால் அந்த இனிமையான கரகரப்பு வரும். பெயர் சொன்னது ஒன்று, சனம் செய்தது இன்னொன்று.

இந்த இடத்தில் நாங்கள் கனநேரம் நின்றோம். எல்பிபி-1 என்றால் மைக் மத்தியூஸின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சுற்றை வரைந்த பொப் மயரின் பெயர் தேடுகிற ஆட்களுக்கு மட்டும் தெரியும். அந்தப் பெட்டிகளுக்குள் குனிந்திருந்து ஈயம் ஒட்டின தொழிலாளர்களின் பெயர் எங்கேயும் இல்லை. ரேஞ்ச்மாஸ்டரின் பெட்டியிலும் கொம்பனியின் பெயர்தான் அச்சடித்திருக்கிறது, வரைந்தவரின் பெயர் இல்லை. விற்கிறவர் வரலாற்றில் நிற்கிறார், செய்கிறவர் அடிக்குறிப்பில் போகிறார். மன்னர் கட்டிய குளம் என்று நாங்கள் படித்ததும் இந்த மாதிரித்தானே?

நாங்கள் செய்த பெட்டி

வரைபடத்தைப் பார்த்தபோது பயமாக இருந்தது. பிறகு சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியீடாக வாசித்தோம். புத்தகத்தில் தடையி, கொள்ளளவி, திரான்சிற்றர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருக் கடையில் ரெசிஸ்டர், கப்பாசிட்டர், ட்ரான்சிஸ்டர். கல்வெட்டு வாசிக்கிற மாதிரித்தான். எழுத்து பிடிபட்டால் வசனம் தானாக வரும்.

எல்பிபி-1 சுற்றில் நாலு தடையிகள் முக்கியம். இரண்டு தடையிகள் பற்றரியின் 9 வோல்ட்டைப் பங்குபோட்டு ட்ரான்சிஸ்டரின் அடிக்கு ஏறத்தாழ 0.8 வோல்ட் கொடுக்கும். மூலச் சுற்றில் அவை 430 கிலோ ஓமும் 43 கிலோ ஓமும். கடையில் அவை இல்லை; 470உம் 47உம் இருந்தன. விகிதம் ஒன்றுதான், ஆகவே அவை போதும். மூன்றாவது 10 கிலோ ஓம், சேகரிப்பானுக்கும் பற்றரியின் நேர் முனைக்கும் இடையில். நாலாவது 390 ஓம், காலிக்கும் நிலத்துக்கும் இடையில். 10,000ஐ 390ஆல் வகுத்தால் 25 சொச்சம். சைகை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதைக் கிட்டத்தட்ட அந்த வகுத்தல்தான் தீர்மானிக்கிறது. நடைமுறையில் 20 மடங்கு என்று வையுங்கோ. உள்வழியில் ஒன்று, வெளிவழியில் ஒன்று என்று 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி இரண்டு. அவை பற்றரியின் நேர்மின்னோட்டத்தை மறித்து, ஒலியை மட்டும் போகவிடும். கடைசியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க 100 கிலோ ஓம் குமிழ். இவ்வளவுதான் முழுப் பெட்டியும். காலால் அமர்த்துகிற ஆளி கிடைக்கவில்லை, கையால் தட்டுகிற சின்ன ஆளி போட்டோம். சாமான் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

புதிசாகச் செய்கிற ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 9 வோல்ட் பற்றரி உங்களை ஒன்றும் செய்யாது, சூடான ஈயக்கோல் மட்டும் கவனம். ஆனால் சுவர் மின்சாரத்தில் ஓடுகிற அம்பிளிபையரைத் திறக்க வேண்டாம். அது வேறு கதை.

முதல் நாள் பெட்டி சத்தமே போடவில்லை. இரண்டாம் நாள் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப ஒட்டினோம். அதுவும் சரிவரவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தவன் சரியாகத்தான் சிரித்தானோ என்று அன்றைக்கு இரவு எங்களுக்கே சந்தேகம் வந்தது.

இன்னொரு பெடல்

எங்களில் ஒருத்தியின் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் கனகாலம் ரேடியோ திருத்தினவர். விடுமுறைக்குப் போனபோது அவள் பலகையைக் கொண்டுபோய்க் காட்டினாள், நாங்களும் போயிருந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பிள்ளை, என்ன ட்ரான்சிஸ்டர் போட்டனீ?"

"பீசி547க்குப் படம் இருந்தது பெரியப்பா. கடையில சி828 தந்தவை, ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொன்னவை."

"வேலை ஒண்டுதான். கால் வேற. அதுக்கு நடுக்கால்தான் அடி. இதுக்கு அடி கரையில, நடுவில இருக்கிறது சேகரிப்பான். ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

கால்களை மாற்றி ஒட்டினார். மீற்றரை வைத்துச் சேகரிப்பானில் மூன்றரை வோல்ட் வருகிறது என்று காட்டினார். "இனி வேலை செய்யும்" என்றார், கிற்றாரில் செருகிப் பார்க்காமலே. பிளாஸ்ரிக் பெட்டியில் வைக்கப் போகிறோம் என்றதும் தலையாட்டினார். தகரப் பெட்டியில் வைத்து அதை நிலத்தோடு இணைக்காவிட்டால், ரியூப் லைற்றின் இரைச்சலை எல்லாம் இந்தச் சின்னச் சுற்று பிடித்துப் பெருப்பிக்கும். மனைவியிடம் கேட்டு ஒரு பிஸ்கட் ரின் எடுத்துத் தந்தார்.

பற்றரியைப் பொருத்தும்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளுக்குத் தடை, பற்றரிக்கும் தடை. வீட்டில் ரேடியோ இருக்கும், ஓடுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் எல்லா வீட்டிலும் சைக்கிள் இருந்தது, சைக்கிளில் டைனமோ இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிற்பாட்டி ஒரு ஆள் பெடலைச் சுற்ற, மற்ற ஆட்கள் சுற்றியிருந்து செய்தி கேட்பார்கள். டைனமோவின் மின்சாரம் திசை மாறி மாறி வரும். நேரே கொடுத்தால் ரேடியோ 'உர்ர்' என்று இரையும். அதனால் பழுதான ரேடியோக்களிலிருந்து இருவாயிகளையும் கொள்ளளவிகளையும் கழற்றி, நடுவில் ஒரு சின்னச் சுற்றுப் போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. கசற்றுக்குக் கொடுத்தால் பெடல் சுற்றுகிற ஆள் களைக்கக் களைக்கப் பாட்டும் இழுபடும். "பாட்டு இழுபட்டா, அடுத்த ஆள் மாறவேணும் எண்டு அர்த்தம்" என்று சிரித்தார்.

நாங்கள் சிரிக்கவில்லை. இந்தக் கதையை நாங்கள் ஒவ்வொருத்தரும் வீட்டில் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் அதை வரலாறு என்று நினைத்ததில்லை. டைனமோவுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்னச் சுற்றை முதலில் ஒட்டினது ஆர்? கேட்டோம். "ஆர் எண்டு சொல்லுறது தம்பி? எல்லாரும்தான் செய்தவை. ஒராள் செய்ததைப் பார்த்து இன்னொராள் செய்தவர்." கிளென் ஸ்னொடிக்குக் கிப்சன் கொம்பனி இருந்தது. பொப் மயருக்கு மைக் மத்தியூஸ் இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒட்டின கைகளுக்கு விளம்பரமும் இல்லை, பெட்டியும் இல்லை, பெட்டியில் பெயரும் இல்லை.

இரண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஒரு பக்கம் மேடையில் தன் கிற்றார் கேட்கவேண்டும் என்ற ஆசை. மற்றப் பக்கம் அடுத்த ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாத பயம். தேவை வேறு, விலை வேறு. ஆனால் கை ஒன்றுதான். இல்லாததை நினைத்துக்கொண்டிருக்காமல், இருக்கிறதைக் கழற்றிப் பார்க்கிற கை. அந்தக் கைக்கு எந்தப் பீடம் என்றும் இல்லை. பெரியப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர்.

கடைசியாக

இந்த வருஷக் கலைவிழாவில் பிஸ்கட் ரின் மேடைக்குப் போனது. கிற்றார் கேட்டது. கொஞ்சம் கூடக் கேட்டது என்று கீபோர்ட்காரி இன்னும் கோபமாக இருக்கிறாள். மெதுவாக வாசித்தால் ஒலி துப்பரவாக வந்தது. பலமாக அடித்தால் ஓரத்தில் கரகரத்தது. அந்தக் கரகரப்பைப் பிழை என்று சொல்ல இப்போது எங்களுக்கு மனம் வரவில்லை. சுற்று அரை மில்லியம்பியர் அளவுதான் எடுக்கிறது. முதலில் போட்ட பற்றரி இன்னும் மாற்றவில்லை.

ரின்னின் மூடிக்கு உள்பக்கம், கறுப்புப் பேனையால் பெயர்கள் எழுதியிருக்கிறோம். பொப் மயர், பெரியப்பா, பிறகு எங்கள் நாலு பேர். மூடியைத் திறக்கிற ஆட்களுக்கு மட்டும் தெரியும்.

எங்களுக்கு இப்போது வேலை கூடிப்போச்சு. பெரியப்பாவின் கதையைப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறோம். டைனமோச் சுற்றை ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லியிருக்கிறோம், அவருடைய வயதொத்த வேறு திருத்துநர்களையும் தேடுகிறோம். உங்களுடைய ஊரிலும், பூட்டின கடையொன்றுக்குள் ஈயக்கோலோடு இப்படி ஒருத்தர் இருப்பார். பழுதான ஏதாவது ஒன்றைக் கொண்டுபோங்கோ. திருத்தித் தருவார், கதையும் சொல்லுவார். எழுதிக்கொண்டு வாங்கோ. ஆர்ட்ஸ் ஆக்கள் கட்டுரைதான் எழுதுவினம் எண்டால், இதையாவது எழுதுவம்.